சுதந்திரம் ஒரு பருவப் பயிர்

ஏற்காட்டில் ஜூலை பிறந்தால் சூரியன் மூன்று மாதத்துக்கு லீவு போட்டுவிடும். அதற்காக அது யாரிடமும் மனு எழுதிக் கொடுப்பதில்லை. பனிமுகடு மன்றத்தின் கொடிமரத்து ஆள் காளியண்ணன் மட்டும் அரை நாள் லீவுக்கு மூன்று தாளில் மனு எழுத வேண்டும். அந்த மனுவைப் பற்றியதுதான் இந்தக் கதை.

பனிமுகடு மன்றம் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். மலையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் கூடி உட்கார்ந்து, தோட்டம் இல்லாதவர்களின் ஒழுக்கத்தைப் பற்றிக் கவலைப்படுகிற இடம் அது. வெள்ளைக்காரன் கட்டியது. போகும்போது ஒரு பில்லியர்ட்ஸ் மேசையையும் நூற்றுப் பன்னிரண்டு விதிகளையும் விட்டுப் போனான். மேசைத் துணி எப்போதோ கிழிந்துவிட்டது. விதிகளில் இன்னும் ஒரு நூல் பிரியவில்லை.

பதினான்காவது விதி இது: கொடியை ஏற்றிய கையே இறக்க வேண்டும், ஏற்றியவர் சூரியன் மறையும்வரை மன்ற வளாகத்தைவிட்டு நகரக் கூடாது. இதனால் யாருக்கும் நெடுநாள் தொந்தரவு இருந்ததில்லை. ஆகஸ்ட் பதினைந்து ஒன்று, ஜனவரி இருபத்தாறு ஒன்று, ஆக வருஷத்துக்கு இரண்டு நாள். தலைவராக இருப்பவர் கயிற்றின் நுனியைத் தொட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார். இழுக்கிறவர் காளியண்ணன். பதிவேட்டில் ‘ஏற்றியவர்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுகிறவரும் அவரே. மீதி நாட்களில் கேட்டைத் திறந்து மூடி, செடிக்கு மண் அணைத்து, இருபத்திரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

போன வருஷம் பாலசுப்பிரமணியம் மன்றத்தின் தலைவரானார். அவருக்கு நானூறு ஏக்கர் தோட்டம் உண்டு. கருத்துகள் அதற்கு மேல் உண்டு. மழைக்காலத்தில் மன்றத்தின் விருந்தினர் அறைகள் பூட்டிக் கிடப்பது அவர் கண்ணை உறுத்தியது. ஒரு நாள் ஏதோ புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, உலக நாடுகளின் சுதந்திர தினங்கள் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் கொத்துக் கொத்தாக விழுந்து கிடப்பதைக் கண்டார். அன்று முதல் மன்றத்துக்குப் பிடித்தது சனி.

அவர் அதை அட்டவணையாகப் போட்டார். புதுத் தாள் எடுக்காமல் எஸ்டேட் வேலைக் காலண்டரின் மேலேயே நாடுகளை எழுதினார். நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிக்கிற காலம் என்பதால், அந்த மூன்று மாதத்தின் குறுக்கே எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஏற்கெனவே சிவப்பு மையில் ‘லீவு கிடையாது’ என்று எழுதி வைத்திருந்தார். அங்கே நாடு எழுத இடம் இல்லை. ஆகையால் அந்த மூன்று மாதத்தில் உலகத்தில் எவரும் விடுதலை அடைந்ததில்லை என்று ஆயிற்று. டிசம்பரில் பின்லாந்து இருக்கிறதே என்று ஓர் உறுப்பினர் கூட்டத்தில் கேட்டார். “அங்கே காப்பி விளையாது. ஆராய்ச்சியில் சேராது” என்றார் தலைவர். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

ஆராய்ச்சிக்கு ‘சுதந்திரம் ஒரு பருவப் பயிர்’ என்று பெயர் வைத்து, வழவழப்பான தாளில் அச்சடித்து, எல்லாருக்கும் கொடுத்தார்கள். உலக சுதந்திரப் பருவ விழா என்று ஜூலை முதல் தேதி தொடங்கிற்று. தொடக்க விழாவில் தலைவர் பேசியதை நான் என் காதால் கேட்டேன்.

“மழை பெய்கிற மாதத்தில்தான் மனிதனுக்கு விடுதலை ஞாபகம் வருகிறது. ஏன்? அப்போது அவனுக்குத் தோட்டத்தில் பெரிய வேலை இல்லை. அறுவடைக் காலத்தில் உழைக்கிறவன் விடுதலையை நினைப்பதே இல்லை என்று உலகமே நமக்குச் சொல்கிறது. இந்த மலையில் நாங்கள் நூற்றைம்பது வருஷமாகச் சுதந்திரமாகத்தான் இருக்கிறோம். அதை யாரும் எங்களுக்குக் கொடுக்கவில்லை. அதனால்தான் கிடைக்காதவர்களைப் பார்த்தால் எங்களுக்கு மனசு உருகுகிறது.”

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பின்னால் வடை இருந்தது.

அதன் பிறகு காளியண்ணன் பட்ட பாட்டை அந்தக் கொடிமரம்தான் சொல்ல வேண்டும். ஒரு மரம் நான்கு மரமாயிற்று. விடிந்தால் ஒரு நாடு. சில நாள் விடியாமலேயே இரண்டு நாடு. மேலே ஏறிய கொடி பனிமூட்டத்துக்குள் போய்விடும். கீழே இருப்பவர்களுக்குக் கயிறு மட்டும் தெரியும். மன்றத்தின் செயலாளர் சசிரேகா கயிற்றைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் ‘பறந்தது’ என்று எழுதுவார். முப்பத்து நாலு வருஷம் அரசு அலுவலகம் ஒன்றில் இருந்து ஓய்வுபெற்றவர் அவர். காணாததைக் கண்டதாக எழுதுவது அவருக்குப் புதிதில்லை.

கொடிக்குக் கீழே மக்கள் வேண்டும் என்று அடுத்த சுற்றறிக்கை வந்தது. கொட்டச்சேட்டுப் பக்கம் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து தினம் இருபது பேரை ஜீப்பில் ஏற்றி வந்தார்கள். அவர்கள் காலையில் ஒரு நாட்டின் மக்கள், மத்தியானம் இன்னொரு நாட்டின் மக்கள். அதற்கடுத்த சுற்றறிக்கையில், அந்தந்த நாட்டுக்காரர்கள் அன்றைக்குச் செய்வதை நம் மக்களும் வழுவாமல் செய்ய வேண்டும் என்று போட்டிருந்தது. நாட்டுக்குறிப்பு எழுத ஆள் தேவைப்பட்டது. காளியண்ணன் மகள் சுதாராணி சேலத்தில் பி.ஏ. வரலாறு படிக்கிறாள் என்று தெரிந்ததும், கொடிமரத்துக் குடும்பம்தானே, எழுதட்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

“ஏனுங்க அண்ணா, ஆடி மாசத்துல யாராச்சும் நல்ல காரியம் வெப்பாங்களா? உலகத்துல ஒருத்தருக்கும் பஞ்சாங்கம் பாக்கத் தெரியாதுங்களா?” என்று மன்றத்துச் சமையல்காரி மேனகா ஒரு நாள் கேட்டாள்.

“நம்ம நாடே ஆடிக் கடைசிலதான் மேனகா வாங்குச்சு” என்றார் காளியண்ணன்.

“அதான் இப்புடி இருக்குதுங்களா” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

இந்த மட்டில் போயிருந்தால் இது சிரித்துவிட்டு மறக்கிற விஷயம். ஆகஸ்ட் பதினேழாம் தேதி வந்தது.

அன்றைக்கு இரண்டு நாடு, காபோன் ஒன்று, இந்தோனேசியா ஒன்று. இந்தோனேசியாக் கொடியில் சிவப்பு மேலே வர வேண்டும், தலைகீழாகக் கட்டினால் அது போலந்து ஆகிவிடும் என்று சுதாராணி எச்சரித்திருந்தாள். காளியண்ணன் மூன்று தரம் பார்த்துக் கட்டினார். இந்தோனேசியாவில் அன்றைக்கு வழுக்குமரம் ஏறுவார்கள் என்று குறிப்பில் இருந்ததால் முற்றத்தில் ஒரு பாக்கு மரம் நட்டிருந்தார்கள். தடவ எண்ணெய் பற்றவில்லை. கொடிமரத்து உருளைகளுக்குப் போடுகிற கிரீஸ் டின்னை அப்படியே மரத்தில் பூசச் சொன்னார் தலைவர். “உருளைக்குப் போட இருக்காதுங்களே ஐயா” என்றார் காளியண்ணன். வேண்டுமானால் மனு எழுதிக் கொடு என்றார்கள்.

பத்து மணிக்கு, இரண்டு கொடியும் ஏறி, பதிவேட்டில் கையெழுத்தும் விழுந்த பிறகு, போன் வந்தது. மஞ்சக்குட்டையிலிருந்து அண்ணி வீராயி.

“தம்பி, உங்கண்ணன் போயிட்டாருப்பா” என்றாள். “கொள்ளி நீதான் வெக்கோணும்னு ராத்திரியே சொன்னாரு. சீக்கிரம் வா சாமி.”

காளியண்ணனின் அண்ணன் செங்கோடன். பிள்ளை இல்லாதவர். தகப்பன் செத்தபோது காளியண்ணனுக்கு ஒன்பது வயசு. அப்போதிருந்து தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டைக்கு ஜீப்பில் அரை மணி நேரம் ஆகும்.

காளியண்ணன் சசிரேகாவிடம் போய் நின்றார். சசிரேகா அழக்கூடச் செய்தார். அழுதுகொண்டே விதிப் புத்தகத்தை எடுத்தார்.

“மேடம், ரெண்டு மணி நேரம் குடுங்க. போயிக் கொள்ளி வெச்சுட்டு ஓடியாந்தர்றேனுங்க.”

“வளாகத்த உட்டு நகரக் கூடாதுன்னு இருக்குதேங்க காளியண்ணன்.”

“அப்ப வேற யாராச்சும் எறக்கட்டுமுங்க.”

“ஏற்றிய கையேன்னு இருக்குது. கையின்னுதான் போட்டிருக்குது, ஆளுன்னுகூடப் போடல.”

விஷயம் தலைவரிடம் போயிற்று. நிர்வாகக் குழு அப்போது வழுக்குமரம் பார்க்க வராந்தாவில் கூடியிருந்தது. பாலசுப்பிரமணியம் எழுந்து நின்றார். எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். செங்கோடனுக்கு இரண்டு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்தினார்கள். காபோன் மக்களும் நின்றார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். மௌனம் முடிந்ததும் அவர் பேசினார்.

“காளியண்ணன் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு தனி மனிதனின் துக்கத்துக்காக இரண்டு நாடுகளின் சுதந்திரத்தை அரைக் கம்பத்தில் விட முடியுமா? இன்று இவருக்கு அண்ணன் இறந்தார் என்று விதியைத் தளர்த்தினால் நாளைக்கு எல்லாருக்கும் அண்ணன் இறப்பார்கள். சட்டத்தின் முன் அனைவரும் சமம். தலைவர் முதல் தோட்டக்காரர் வரை யாருக்கும் இதில் விலக்கு இல்லை என்று பதினான்கு-அ என ஒரு திருத்தம் கொண்டுவருகிறேன். சாவு, பிறப்பு, நோய், தேர்தல், எதுவானாலும் விலக்கு கிடையாது. மீறுகிறவர் அந்த நிமிஷமே மன்றத்திலிருந்து நீங்கியவர் ஆவார். என் தகப்பனார் இறந்தாலும் நான் கொடியடியில்தான் நிற்பேன்.”

அவர் தகப்பனார் இறந்து இருபது வருஷம் ஆகிறது. திருத்தம் ஒருமனதாக நிறைவேறியது. பின்னால் வருகிற இளகிய மனசுக்காரர்கள் யாரும் அதில் கைவைக்காதபடி, மாற்ற வேண்டுமானால் இருபத்தொரு நாள் நோட்டீஸ் கொடுத்துப் பொதுக்குழு கூட்ட வேண்டும் என்றும் சேர்த்தார்கள்.

காளியண்ணன் கொடியடியில் நின்றார். மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் இந்தோனேசியர்கள் வழுக்குமரம் ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தார்கள். ஒன்றரை மாதமாகச் சூரியனையே யாரும் பார்க்கவில்லை. அது எப்போது மறையும் என்று எப்படிச் சொல்வது? சசிரேகா பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆறு முப்பத்தாறு என்றார். நாலு மணிக்கு வீராயி மறுபடியும் போன் செய்தாள். மழை வலுக்கிறது, விறகு நனைகிறது, ஊர்க்காரர்கள் இனிமேல் பொறுக்க மாட்டோம் என்கிறார்கள், எடுக்கட்டுமா என்று கேட்டாள். காளியண்ணன் பனிக்குள் போயிருந்த கயிற்றை அண்ணாந்து பார்த்தார். “எடுங்க அண்ணி” என்றார்.

பங்காளி முறையில் யாரோ ஒருவர் கொள்ளி வைத்தார். காளியண்ணன் போய்ச் சேர்ந்தபோது ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து அவர் அழுதார். அதற்குப் பிறகு அவருக்கு ஆத்திரம் வந்தது. அது வந்த சுவட்டில் போய்விடுகிற ஆத்திரம் இல்லை. ஊட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு வளர்க்கிற ஆத்திரம்.

ஆனால் மறுநாள் காலையில் வேலைக்கு வந்தார். அதற்கு மறுநாள் ஆப்கானிஸ்தானை ஏற்றினார். இருபத்து நாலில் உக்ரைனையும் முப்பத்தொன்றில் மலேசியாவோடு இன்னும் இரண்டு நாடுகளையும் ஏற்றினார். செப்டம்பர் பதினைந்தாம் தேதி மத்திய அமெரிக்காவில் ஐந்து நாட்டுக்கு ஒரே நாள். மரம் நான்குதான் இருந்ததால் ஐந்தாவது நாட்டை மூங்கிலில் ஏற்றினார். கிரீஸ் கேட்டு அவர் எழுதிய மனுவுக்கு, பதிவேட்டின்படி ஒரு டின் இருப்பில் உள்ளது என்று பதில் வந்தது. அந்த டின் வழுக்குமரத்தில் இருந்தது. உருளைகள் துருப்பிடித்துக் கீச்சிட்டன. காளியண்ணன் இரண்டாவது மனு எழுதவில்லை.

நிறைவு விழாவில் தலைவர், “இனி ஜனவரி வரை உலகத்தில் விடுதலை இல்லை, எல்லாரும் பழம் பறிக்கப் போகலாம்” என்று அறிவித்தார்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காளியண்ணன் மகளிடம் கேட்டார். “கண்ணு, பழம் பறிக்கற சீசன்ல ஒரு நாட்டுக்காரங்ககூடவா விடுதலை வாங்குல?”

“யாருங்கப்பா சொன்னது? நொம்பப் பேரு இருக்கறாங்க. ஜனவரி ஒண்ணாந் தேதியே ரெண்டு நாடு. சூடான் ஒண்ணு, ஹைட்டி ஒண்ணு.”

“காப்பி வெளையறது எது?”

“ஹைட்டிங்கப்பா. அங்க தோட்டத்துல வேல செஞ்சவங்கதான் விடுதலையே வாங்குனாங்க.”

“தோட்டத்து ஆளுங்களா? வெவரமாச் சொல்லு கண்ணு.”

சுதாராணி சொன்னாள். சோற்றுத் தட்டு காய்ந்துபோயிற்று. இன்னொரு தரம் சொல் என்றார். மூன்றாவது தரமும் கேட்டார். பிறகு கையைக் கழுவிவிட்டு, “அவுங்க அன்னிக்கு என்ன சாப்புடுவாங்க?” என்று கேட்டார். அதையும் அவள் சொன்னாள்.

மறுநாள் அவர் தலைவரின் முன்னால் போய்க் கைகட்டி நின்றார். “ஏனுங்க ஐயா, ஜனவரி ஒண்ணாந் தேதி ஒரு நாடு உட்டுப்போச்சுங்களாம். நம்மளாட்டக் காப்பி வெளையற நாடுங்க. ஒரு காலத்துல உலகத்துக் காப்பில பாதி அங்கதான் வெளஞ்சுதுங்களாம்.”

பாலசுப்பிரமணியம் நிமிர்ந்தார். ஜனவரி ஒன்றாம் தேதி காலை, அவருடைய காப்பியைப் பார்க்க வெளிநாட்டு வியாபாரிகள் இரண்டு பேர் வருகிறார்கள். அன்று மாலை நாலு மணிக்குச் சேலத்தில் தென்மாநிலக் காப்பி உரிமையாளர் பேரவையின் தலைவர் தேர்தல். பதினொரு வருஷமாக அவர் கண் வைத்திருக்கிற நாற்காலி அது. ஏதாவது ஒரு மன்றத்தின் உறுப்பினர்தான் போட்டியிடலாம், நேரில் வர வேண்டும். காலையில் ஒரு காப்பி நாட்டின் கொடி, மாலையில் காப்பி நாற்காலி. அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

“அந்தக் கொடியை நானே ஏற்றுகிறேன். தொட்டு நிற்கிற வேலை வேண்டாம். வெளிநாட்டுக்காரர்கள் பார்க்கட்டும். பதிவேட்டில் என் பெயர் வரட்டும்.”

“செரிங்க ஐயா. அப்ப அன்னிக்கு எனக்குக் கொடி வேல இல்லீங்களே?”

“இல்லை.”

“அப்பிடீனா ஒரு நாள் லீவுங்க” என்று காளியண்ணன் சட்டைப் பையிலிருந்து மனுவை எடுத்தார். மூன்று தாள். தலைவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். கூடவே இருந்த நிகழ்ச்சி நிரலிலும் போட்டார். அதில் நாலாவது வரி: அந்நாட்டு மரபுப்படி மக்களுக்கு அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி) சூப், இடம், உறுப்பினர் உணவுக்கூடம்.

ஜனவரி முதல் தேதி வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. விழா தொடங்கியதிலிருந்து ஏறிய கொடிகளிலேயே கண்ணுக்குத் தெரிந்த கொடி அது ஒன்றுதான். பழக்கூடையை இறக்கி வைத்துவிட்டு லைன் வீட்டு ஜனங்கள் ஐம்பது பேர் வந்து நின்றார்கள். பாலசுப்பிரமணியம் கோட்டைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்தார். உருளை கத்திற்று. நீலமும் சிவப்புமாகக் கொடி மேலே போய் நின்றது. பதிவேட்டில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு, சுதாராணி எழுதிக் கொடுத்த குறிப்பை மைக்கில் படித்தார். வியாபாரிகள் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார்.

“ஹைட்டி. இருநூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் உலகத்தின் காப்பியில் ஏறத்தாழ பாதி இங்கே விளைந்தது.” அவர் வியாபாரிகளைப் பார்த்துப் புன்னகைத்தார். “தோட்டங்கள் முதலாளிகளுக்குச் சொந்தம். தோட்டத்தில் வேலை செய்தவர்களும் முதலாளிகளுக்குச் சொந்தம்.” இங்கே ஒரு தரம் இருமினார். “அவர்களுக்கு லீவு கிடையாது. செத்தவர்களைப் புதைக்க நேரம் கிடையாது. ஓர் ஆகஸ்ட் மாதம் அவர்கள் தோட்டங்களுக்குத் தீ வைத்தார்கள்.”

தலைவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கமும் எழுதியிருந்தது. மொழிபெயர்த்தவர் அதற்குள் சொல்லி முடித்திருந்தார். வியாபாரிகள் ஆர்வமாகத் தலையாட்டி, மேலே படியுங்கள் என்று கையைக் காட்டினார்கள்.

“பன்னிரண்டு வருஷம் சண்டை நடந்தது. முதலாளிமார் கிடைத்த கப்பலில் ஏறி ஓடினார்கள். ஓடாதவர்களைப் பற்றி…” அவர் தண்ணீர் குடித்தார். “…இந்த நல்ல நாளில் சொல்ல வேண்டாம். ஜனவரி முதல் தேதி, பழம் பறிக்கிற பருவத்திலேயே, அவர்கள் விடுதலையை அறிவித்தார்கள். அதுவரை அரசாணிக்காய் சூப்பை அவர்கள் சமைக்கலாம், குடிக்கக் கூடாது, முதலாளிமார்தான் குடிப்பார்கள். இன்றைக்கு அங்கே எல்லாரும் அதைக் குடிக்கிறார்கள். ஆகவே, நம் மக்களும், மன்றத்தின் சுற்றறிக்கைப்படி, வழுவாமல்…”

முதலில் யாரும் கைதட்டவில்லை. பிறகு பின்வரிசையில் ஒரு கிழவர் தட்டினார். அப்புறம் ஐம்பது பேரும் தட்டினார்கள். அதுவரை தட்டச் சொல்லித் தட்டிய கைகள்தான் அவை. எந்த நாட்டுக்கும் அப்படித் தட்டியதில்லை. வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து நின்று படம் எடுத்தார்கள்.

நூற்றைம்பது வருஷத்தில் முதல் தடவையாக உறுப்பினர் உணவுக்கூடத்துக்குள் வெறுங்கால்கள் நடந்தன. வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் உட்கார்ந்தார்கள். மேனகா பெரிய அண்டாவிலிருந்து ஊற்றினாள். காளியண்ணன் உட்காரவில்லை. தூக்குப்போசி நிறைய வாங்கிக்கொண்டு, சசிரேகாவிடம் கையெழுத்தான லீவு மனுவைக் காட்டிவிட்டு, மஞ்சக்குட்டை ஜீப்பைப் பிடித்தார்.

இனி மன்றத்தில் நடந்தது மேனகா எனக்குச் சொன்னது.

இரண்டு மணிக்குத் தலைவர் காருக்கு வந்தார். காருக்கு முன்னால் சசிரேகா பதிவேட்டோடு நின்றார்.

“ஐயா, சூரியன் மறையலீங்களே.”

“காளியண்ணன் இறக்குவான்.”

“அவரு ஏத்தலீங்க. கையெழுத்து உங்களுது.”

“சசிரேகா, விளையாடாதீங்க. இன்னிக்குத் தேர்தல்.”

“தேர்தல்னு நீங்களேதானுங்க போட்டிருக்கறீங்க. சாவு, பிறப்பு, நோய், தேர்தல்.” அவர் பதினான்கு-அ திருத்தத்தை முழுசாகப் படித்தார். கேட்டைத் தாண்டினால் அந்த நிமிஷமே உறுப்பினர் பதவி போய்விடும். உறுப்பினராக இல்லாதவர் பேரவைத் தேர்தலில் நிற்க முடியாது. தாண்டாவிட்டால் நேரில் வராதவர். விதியை மாற்ற இருபத்தொரு நாள் நோட்டீஸ் வேண்டும். “நோட்டீஸ் அடிக்கட்டுங்களா ஐயா?” என்று கேட்டார் சசிரேகா. முப்பத்து நாலு வருஷம் மேலதிகாரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர். விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மேலே இருக்கிற ஒருவரை நிறுத்தும் பாக்கியம் அவருக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது. முகம் கல்யாணப் பெண்ணுடையது போல இருந்ததாம்.

பாலசுப்பிரமணியம் கத்தினார். கெஞ்சினார். டிரைவரைக் கூப்பிட்டார். வராந்தாவில் உறுப்பினர்கள் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்குப் பேரவை நாற்காலியில் ஆசை உண்டு. அவர்கள் விதியின் புனிதத்தைப் பற்றிப் பேசினார்கள். உணவுக்கூடத்து ஜன்னல் வழியாக ஐம்பது பேர் பார்த்துக்கொண்டே சூப் குடித்தார்கள். நாலே காலுக்குச் சேலத்திலிருந்து தகவல் வந்தது. வேறு ஒருவர் தேர்வாகிவிட்டார். யாரோ வராந்தாவில் இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்கலாமா என்று கேட்டார்களாம். கேட்டது யார் என்று மேனகா சொல்ல மறுக்கிறாள்.

மஞ்சக்குட்டையில் காளியண்ணன், அண்ணன் படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் சூப் வைத்துவிட்டு, இன்னொரு டம்ளரை அண்ணியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆறே காலுக்குப் போன் வந்தது. சசிரேகா.

“காளியண்ணன், ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா? சூரியன் மறைஞ்சிருச்சு. ஐயா இழுத்து இழுத்துப் பாக்கறாரு, கொடி எறங்க மாட்டேங்குது. உருளை துருப்புடிச்சு இறுகிருச்சு. கையெல்லாம் கொப்புளமாப் போச்சு. எறக்காம அவரு ஊட்டுக்குப் போக முடியாது.”

பின்னால் பாலசுப்பிரமணியத்தின் குரல் கேட்டது. போனை அவர் பிடுங்கிக்கொண்டார். “காளியண்ணா, கொஞ்சம் வாப்பா. நான் சொல்கிறேன், விதி கிதி எல்லாம் பார்த்துக்கலாம்.”

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து ‘வாப்பா’ வந்தது அதுதான் முதல் தடவை. காளியண்ணன் போனை மடியில் வைத்துவிட்டு ஒரு வாய் சூப் குடித்தார். பிறகு காதில் வைத்தார்.

“ஐயா, நான் வந்தர்லாமுங்க. ஆனா கை ஒத்துக்காதுங்க. ஏத்துன கைதான் எறக்கோணும். ரெண்டு நாட்டுச் சுதந்திரத்த நானும் அப்புடித்தானுங்க பாத்துக்கிட்டேன். இது ஒரு நாடுதானுங்களே.”

போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தார். வீராயி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். “தம்பி, அந்த நாட்டு ஆளுங்க மொதலாளிமாரை என்ன பண்ணுனாங்கன்னு சொன்ன?”

“தோட்டத்துக்குத் தீ வெச்சாங்களாமுங்க அண்ணி.”

வீராயி கணவரின் படத்தைப் பார்த்தாள். பிறகு மீதிச் சூப்பைக் குடித்து முடித்தாள்.

“உங்க ஐயாவ நீ வெறுங் கயித்தோட உட்டுட்டியே சாமி” என்றாள்.